துண்டு முனையில் மூன்று பொத்தான்கள்

காலை ஆறு மணிக்குப் பினாங்கில் இன்னும் முழு இருட்டுதான். சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் ஜாலான் கெபுன் பூங்கா ஓரமாக, வலக்கையில் தடியும் கழுத்தில் குட் மார்னிங் என்று அச்சிட்ட துண்டுமாக ஒரு பெரியவர் நடந்து போவதை நீங்கள் பார்த்திருந்தால், அவர் என் அப்பாவாக இருக்கலாம். எதிரில் வரும் யாராவது "வணக்கம்ணே" என்று சொன்னால் அவருடைய இடக்கை துண்டின் முனையை ஒரு தடவை அழுத்தும். காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிடும். பேசி முடித்ததும் இன்னொரு அழுத்து. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அந்தத் துண்டு முனைக்குள் மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. நானும் அம்மாவும் சேர்ந்து செய்தது. வீட்டுக்கு வந்த நண்பர்கள் இதைப் பார்த்துவிட்டு, ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) நல்ல புளூடூத் இயர்பட்ஸ் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். நடந்துகொண்டே பாட்டுக் கேட்கிறவர்களுக்காக இத்தனை வருஷமாகச் செய்யப்பட்ட சாமான்களைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷத்துக்கு மேலாக இனிப்புநீர் (நீரிழிவு). அது கண்ணுக்குள் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்களைக் கெடுத்து, விழித்திரையில் நீர் கசிய வைத்துவிட்டது. லேசர் செய்தார்கள், ஊசியும் போட்டார்கள். இப்போது அவருக்கு ஓரங்கள் தெரியும், நடுப்பகுதி மட்டும் புகை மூட்டமாக இருக்கும். ரோட்டின் விளிம்பு தெரியும், எதிரில் ஆள் வருவது தெரியும். ஆனால் கைப்பேசித் திரையில் எது நிறுத்தும் குறி, எது அடுத்த பாட்டுக்கான குறி என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. வெளிச்சமான ஒரு சதுரம் மட்டுமே தெரியும்.

நடையை நிறுத்தக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பாட்டில்லாமல் நடக்க மாட்டேன் என்பது அப்பாவின் பிடிவாதம். முருகன் பாட்டு, பழைய பாட்டு, காலையில் மின்னல் எஃப்எம் வானொலி. இவை மூன்றும் இருந்தால் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம் வரை போய்த் திரும்பிவிடுவார்.

எங்கள் வீட்டில் இருந்த முதல் வாக்மேன் (கையடக்கக் கேசட் பிளேயர்) எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்த மாமா கொண்டு வந்தது. அதன் ஓரத்தில் வரிசையாக இரும்புப் பொத்தான்கள். பாட்டுப் போட ஒன்றை அழுத்தினால் அது உள்ளே போய் அப்படியே நின்றுவிடும். நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் முதல் பொத்தான் டக்கென்று வெளியே வரும். கால்சட்டைப் பைக்குள் கை விட்டுத் தடவினாலே பாட்டு ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்று விரலுக்குத் தெரிந்துவிடும். பிற்பாடு வந்த எந்தக் கருவியிலும் இந்த வசதி இல்லை. எல்லாப் பொத்தான்களும் அழுத்தியதும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தன. கருவியின் நிலைமையைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆனது அப்போதிருந்துதான்.

சோனியின் முதல் வாக்மேன் ஜப்பானில் 1979 ஜூலை 1 அன்று விற்பனைக்கு வந்தது. டிபிஎஸ்-எல்2 என்பது அதன் பெயர். அதில் இரண்டு பேர் கேட்க இரண்டு ஜேக் (இயர்போன் செருகும் துளை) இருந்தன என்பது பலருக்குத் தெரியும். மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான் இருந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். ஹாட்லைன் என்று பெயர். அழுத்திப் பிடித்தால் பாட்டின் சத்தம் குறையும், உள்ளே இருக்கும் மைக் வழியாகப் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழும். தனக்கு மட்டும் பாட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை என்பது மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று சோனியின் அகியோ மொரிட்டா கவலைப்பட்டதால்தான் இந்த ஏற்பாடுகள் வந்தன. பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் காணாமல் போனது. மக்கள் அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை போலிருக்கிறது.

அப்பாவோடு நடக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த ஆரஞ்சுப் பொத்தானின் அருமை எனக்குப் புரிந்தது. ஒரு நாள் காலை சும்மா எண்ணிப் பார்த்தேன். முக்கால் மணி நேர நடையில் அப்பா பாட்டை நிறுத்தியது பதினொரு தடவை. அடுத்த பாட்டுக்குத் தாவியது ஒரே தடவை. சத்தத்தைக் கூட்டிக் குறைத்தது மூன்று தடவை. நிறுத்தியதெல்லாம் மனிதர்களுக்காக. கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா, ஜாகிங் போகும் சீனப் பெரியவர், பின்னால் ஹாரன் அடித்த மோட்டார் சைக்கிள்காரர், கடக்கும்போது நலம் கேட்ட பழைய துறைமுகத்து நண்பர். மறுநாளும் அதற்கு மறுநாளும் எண்ணினேன். கணக்கு அதிகம் மாறவில்லை.

உடம்பில் மாட்டிக்கொள்ளும் ரிமோட் என்றால் விளம்பரங்கள் எல்லாம் அடுத்த பாட்டு, அடுத்த பாட்டு என்றே பேசும். தெருவில் நடப்பவருக்கு முதலில் வேண்டியது பாட்டை உடனே நிறுத்தும் வழி. அதுவும் தேடாமல், குனியாமல், தடியைக் கைமாற்றாமல் நிறுத்தும் வழி. இந்த ஒன்றை வைத்துப் பார்த்தால் எந்தச் சாமான் நல்லது, எது ஆகாது என்று சுலபமாகத் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கில் என் மனதில் முதலிடம் ஆப்பிளின் குட்டிப் பாட்டுக் கருவியான ஐபாட் ஷஃபிளுக்குத்தான். 2005 ஜனவரியில் வந்த முதல் ஷஃபிளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். நடக்கும்போது அது ஆடும். 2006-இல் வந்த இரண்டாவது ஷஃபிள் முழுக்கவே ஒரு கிளிப். தீப்பெட்டியைவிடச் சின்னது, 16 கிராம்கூட இல்லை. திரை கிடையாது. முன்பக்கம் ஒரு வட்டம், நடுவில் ஒரு பெரிய பொத்தான், அவ்வளவுதான். அந்த வருஷம் கிடைத்த போனஸில் அப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சட்டைப் பையின் விளிம்பில் மாட்டிக்கொள்வார். அப்போது அவருக்குக் கண் நன்றாகவே தெரிந்தது, ஆனாலும் ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்து அழுத்தியதில்லை. கட்டை விரல் நேராக நடுவுக்குப் போகும்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கிளிப்பைத் தலைகீழாக மாட்டிவிட்டால் சத்தம் கூட்டும் பக்கம் குறைக்கும் பக்கமாகிவிடும். வட்டத்துக்கு மேல், கீழ் என்று விரலுக்குத் தெரியாதே. அப்பா நெயில் பாலிஷ் வாங்கி மேல்புறத்தில் ஒரு சொட்டு வைத்தார். காய்ந்ததும் அது சின்ன மேடாகிவிட்டது. துண்டு ரிமோட்டைச் செய்தபோது அந்தச் சொட்டு எனக்கு ரொம்ப உதவியது.

2009 மார்ச்சில் வந்த மூன்றாவது ஷஃபிளில் கருவியின் மேல் பொத்தான்களே இல்லை. எல்லாவற்றையும் இயர்போன் வயரில் இருந்த குட்டி ரிமோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எடை 10.7 கிராம். பாட்டின் பெயரைக் குரலில் சொல்லும் வசதியும் வந்தது. கண் தெரியாதவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அந்த இயர்போன் வயர் அறுந்தால் கருவியும் ஊமையாகிவிடும், வேறு சாதாரண இயர்போனை மாட்டினால் கட்டுப்படுத்த வழியே கிடையாது. எங்கள் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் இயர்போன் வயர் எத்தனை மாதம் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 2010 செப்டம்பரில் வந்த நான்காவது ஷஃபிளில் வட்டத்தைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். 2017 ஜூலையில் ஷஃபிளையே நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் ஷஃபிளில் அதற்குள் பேட்டரி நின்றுபோயிருந்தது.

அதே 2010-இல் ஐபாட் நானோவும் சதுரமான தொடுதிரையாக மாறியது. அதைக் கடிகார வாரில் பொருத்திக் கையில் கட்டிக்கொள்ளலாம் என்று அமெரிக்காவில் ஒருவர் யோசித்து, மக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 15,000 டாலர் கேட்டார். வந்து சேர்ந்தது 9 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கும் மேல். கட்டிக்கொண்டு நடக்கும் பிளேயர் மீது மக்களுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதற்கு இதுவே போதும். ஆனால் வழவழப்பான கண்ணாடி, ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் தொட வேண்டும். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்சிலும் இதே பிரச்சினைதான். போதாததற்கு மழைத் தூறலும் வியர்வையும். விரல் பட்டதும் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மின்புலம் மாறுவதை வைத்துத்தான் அந்தத் திரை தொடுகையை உணர்கிறது. தண்ணீர்ச் சொட்டும் அதே வேலையைச் செய்துவிடும். ஒரு நாள் தூறலில் அப்பா நின்றிருந்தபோது பாட்டு தானாகவே மாறிக்கொண்டே போனது. பயந்துபோய் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இயர்பட்ஸையும் முயன்று பார்த்தோம். தட்டினால் நிற்கும் என்பார்கள். வயதானவர்களின் விரல் நுனி காய்ந்திருக்கும், கொஞ்சம் நடுங்கும். ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகி அடுத்த பாட்டு வந்துவிடும். பட்டதா, படவில்லையா என்று விரலுக்குப் பதில் எதுவும் வருவதில்லை. அழுத்தினால் நிற்கிற மாதிரி தண்டு வைத்தவை பரவாயில்லை. சுற்றுச் சத்தத்தை மைக் வழியாக உள்ளே விடும் வசதியும் இப்போதைய இயர்பட்ஸில் இருக்கிறது. நாற்பது வருஷம் கழித்து அந்த ஆரஞ்சுப் பொத்தான் திரும்பி வந்த மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் காதிலிருந்து ஒன்று நழுவி ரோட்டோரச் சாக்கடையில் விழுந்ததோடு அந்தக் கதை முடிந்தது. கண் மங்கியவருக்கு வயர் என்பது ஒரு பிடிமானம். எங்கே விழுந்தாலும் இழுத்து எடுத்துவிடலாம்.

மோட்டார் கைப்பிடியில் மாட்டும் புளூடூத் பொத்தான்கள் உண்டு, நாணய பேட்டரியில் ஓடுபவை. அதையும் சட்டையில் மாட்டிப் பார்த்தோம். பேட்டரி தீராமலிருக்க அது கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும். முதல் அழுத்து அதை எழுப்புவதற்கே போய்விடும், இரண்டாவது அழுத்துக்குத்தான் பாட்டு நிற்கும். எதிரில் வந்தவர் அதற்குள் கடந்து போயிருப்பார்.

இந்த நேரத்தில்தான் லோரோங் கூலிட் சந்தையில் எனக்கு இரண்டு பொருட்கள் கிடைத்தன. ஜோர்ஜ் டவுன்காரர்களுக்கு நான் அந்தச் சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேடியம் பக்கத்தில் காலையில் கூடும். பழைய கடிகாரம், பழைய சாவி, ஒற்றைச் செருப்பு, எதுவும் கிடைக்கும்.

முதலாவது, சோனி மினிடிஸ்க் (சின்ன இசைத் தட்டு) பிளேயரோடு வந்த குச்சி ரிமோட். பிளேயர் இல்லை, ரிமோட் மட்டும்தான். மூன்று வெள்ளி. விரல் நீளத்தில் ஒரு குச்சி, பின்னால் சட்டையில் மாட்ட கிளிப், முனையில் திருகும் குமிழ். திருகினால் பாட்டு மாறும். குமிழைக் கொஞ்சம் வெளியே இழுத்துத் திருகினால் சத்தம் கூடும், குறையும். பின்பக்கம் ஹோல்டு என்று ஒரு தள்ளு பொத்தான், அதைத் தள்ளிவிட்டால் எதை அழுத்தினாலும் கேட்காது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்! அழுத்துவது, திருகுவது, இழுப்பது, தள்ளுவது என்று கைக்கு நான்கு விதமான அசைவுகள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி அசைவு இருந்தால் விரல் குழம்பவே குழம்பாது. அப்பாவிடம் கொடுத்தேன். எதோடும் இணைக்காமலே அரை மணி நேரம் அதைத் திருகிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, ஒரு குளிர்நாட்டு ஜாக்கெட். பண்டல் துணி (பழைய துணி) விற்கிறவரிடம் இருந்தது, பதினைந்து வெள்ளி. இடது சட்டைக்கையில் துணியோடு துணியாக ஐந்து குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. நெஞ்சுப் பையைத் திறந்தால் பழைய ஐபாடின் அடியில் செருகும் அகலமான பிளக். இந்த மாதிரி உடைகளைப் பற்றிப் படித்திருக்கிறேனே தவிர, கையால் தொட்டது அன்றுதான்.

பனிச்சறுக்கு உடைகள் செய்யும் பர்ட்டன் நிறுவனமும் ஆப்பிளும் சேர்ந்து 2003 ஜனவரியில் ஆம்ப் என்ற ஜாக்கெட்டை அறிவித்தன. விலை 499 டாலர். ஐபாட் உள்பையில் இருக்கும், அதைக் கட்டுப்படுத்தும் மெத்தென்ற துணிப் பொத்தான்கள் சட்டைக்கையில் இருக்கும். காரணம் எளிமையானது. பனியில் தடித்த கையுறையோடு ஐபாடை வெளியே எடுக்க முடியாது, எடுத்தால் விழுந்துவிடும். 2006-இல் லீவைஸ் ஒரு ஜீன்ஸ் அறிவித்தது. நாணயம் போடும் அந்தக் குட்டிப் பையில் ஜாய்ஸ்டிக் இருந்தது. 2017-இல் அதே லீவைஸும் கூகுளும் சேர்ந்து சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக 350 டாலருக்கு ஜாக்கெட் விற்றன. இடது மணிக்கட்டுப் பட்டையில் மின்சாரம் கடத்தும் நூலைத் துணியோடு சேர்த்தே நெய்திருந்தார்கள். தடவினால் பாட்டு மாறும், தட்டினால் நிற்கும். மின்னணுப் பகுதி தனியாகக் கழன்று வரும். மற்ற துணியைப் பத்துத் தடவை வரை துவைக்கலாம் என்றார்கள்.

பத்துத் தடவை என்று படித்துக் காட்டியதும் அம்மா, "பத்து தடவையா? அது பத்து நாளுக்குல்ல ஆகும்" என்றார். இந்த ஊரில் மோட்டார் ஓட்டிவிட்டு வந்த துணியை மறுநாள் போட முடியாது. அம்மா முப்பது வருஷம் தையல் வேலை பார்த்தவர்.

நான் வாங்கிய ஜாக்கெட்டின் கையைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே மின்சாரம் கடத்தும் துணி இரண்டு அடுக்கு, நடுவில் வலை மாதிரி ஒரு துணி. அழுத்தும்போது வலையின் ஓட்டை வழியாக மேலடுக்கு கீழடுக்கைத் தொடும், மின்சுற்று மூடும். இவ்வளவு வருஷம் கழித்தும் துணிப் பகுதி நன்றாக வேலை செய்தது. என் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். கெட்டுப்போகாமல் பயனற்றுப் போயிருந்தது அந்த பிளக் மட்டும்தான். அது செருகும் கருவியை இப்போது யாரும் செய்வதில்லை. ஆப்பிளின் 30 முனை பிளக் 2012-இல் புதுக் கருவிகளிலிருந்து போய்விட்டது. கூகுள் ஜாக்கெட்டுக்கும் அதே கதி, இன்னொரு வழியில். அதை இயக்கும் செயலியை 2023-இல் நிறுத்திவிட்டார்கள். துணி இருக்கிறது, நூல் இருக்கிறது, தடவினால் ஒன்றும் நடக்காது.

எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது. நல்ல ஜாக்கெட் பத்து வருஷம் உழைக்கும். பிளக் ஐந்து வருஷத்தில் மாறிவிடும். இரண்டையும் ஒன்றாகத் தைத்தால் துணியின் ஆயுள் பிளக்கின் ஆயுளாகச் சுருங்கிவிடுகிறது. அப்பாவுக்குச் செய்வதில் இந்தத் தவறு இருக்கக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகப் போடுவது வழக்கம், காற்றும் பூச்சியும் நெஞ்சில் அடிக்காமலிருக்க. அப்படிப் போட்டால் இடது கை வலப்பக்கம் வந்துவிடும், நெஞ்சுப் பை முதுகுக்குப் போய்விடும். ஆக, சட்டைக்கையில் எந்தப் பக்கம் பொத்தான் வைப்பது என்பது அந்த ஊர்க்காரர்கள் அதை எப்படிப் போடுவார்கள் என்பதைப் பொறுத்தது. (ஓட்டும்போது நான் காதில் எதுவும் மாட்டுவதில்லை. பாலத்தில் பின்னால் வரும் லாரியின் சத்தம் கேட்டே ஆக வேண்டும்.)

சரி, துண்டு ரிமோட்டுக்கு வருகிறேன்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். அதனால் வயர் இயர்போன் ரிமோட் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்த விஷயம்தான். 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் மூன்று கறுப்புக் கோடுகள் இருந்தால் நான்கு தொடுமுனைகள் என்று அர்த்தம். இடது காது, வலது காது, பூமி (கிரவுண்ட்), மைக். ரிமோட்டுக்கென்று தனி வயர் எதுவும் கிடையாது, மைக் வயரையே பகிர்ந்துகொள்கிறது. நடுப் பொத்தானை அழுத்தினால் மைக் வயர் நேராகப் பூமியோடு சேர்ந்துவிடும். சத்தம் கூட்டும் பொத்தானுக்கு நடுவில் 240 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), குறைக்கும் பொத்தானுக்கு 470 ஓம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான விதி இது. எவ்வளவு தடை வந்தது என்று பார்த்து எந்தப் பொத்தான் என்று கைப்பேசி புரிந்துகொள்கிறது. ஐபோனில் நடுப் பொத்தான் மட்டும் இதே முறையில் இயங்கும். சத்தத்துக்கு ரிமோட்டுக்குள் தனி சிப் வேண்டும். நடுப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் அடுத்த பாட்டு, மூன்று தடவை அழுத்தினால் முந்தைய பாட்டு.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, இதற்குப் பேட்டரி வேண்டாம், இணைக்க வேண்டாம், தூங்காது. இரண்டு ரெசிஸ்டரும் மூன்று சுவிட்சும் போதும். எல்லாம் சேர்த்து ஐந்து வெள்ளிகூட ஆகாது. இன்னொரு லாபமும் உண்டு. கைப்பேசியில் எஃப்எம் கேட்க இயர்போன் வயர்தான் ஏரியல். வயர் இல்லாவிட்டால் அப்பாவின் மின்னல் எஃப்எம்மும் இல்லை.

பழைய இயர்போன் ஒன்றின் ரிமோட்டைப் பிளந்தேன். மைக்கை அப்படியே விட்டுவிட்டேன். அதை எடுத்துவிட்டால் சில கைப்பேசிகள் இதை ரிமோட் உள்ள இயர்போன் என்றே ஏற்றுக்கொள்ளாது. அதிலிருந்த பொட்டுப் பொத்தான்களுக்குப் பதிலாக 12 மில்லிமீட்டர் சதுர சுவிட்ச் மூன்றை ஈயம் வைத்துப் பற்றினேன். அழுத்தினால் டிக்கென்று விரலுக்குத் தெரிகிற வகை. முதலில் அதைச் சட்டைப் பையில் வைத்தேன். மோசமான இடம். இடக்கையை நெஞ்சு வரை தூக்க வேண்டும், தூக்கும்போது அப்பாவின் நடை தடுமாறியது. இடுப்பு வாரில் வைத்தேன். சட்டை மேலே வந்து மூடிக்கொண்டது.

இடத்தைக் கண்டுபிடித்தது அம்மாதான். ஒரு வாரம் எதுவும் சொல்லாமல் அப்பா கிளம்பும்போதும் திரும்பும்போதும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "ஐயா, அப்பா கை எங்க இருக்குன்னு பார்த்தியா? தடி ஒரு கையில. இன்னொரு கை துண்டைத்தான் பிடிச்சிருக்கு. காலையில இருந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் அதைவிட்டு எடுக்குறதே இல்ல."

உண்மைதான். குட் மார்னிங் துண்டு இந்த நாட்டில் லாரி ஓட்டுநரிலிருந்து காப்பிக்கடைத் தவுக்கே (முதலாளி) வரை எல்லார் தோளிலும் கிடந்த ஒன்று. வெள்ளைப் பருத்தி, சிவப்பு எழுத்து. துறைமுகத்தில் மூட்டை ஏற்றிய காலத்திலிருந்து அப்பா கழுத்தில் அது உண்டு. பனி நாட்டுக்காரர்கள் சட்டைக்கையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், எங்கள் அப்பாவுக்கு அது துண்டின் இடது முனை.

ஆனால் துண்டைத் தினம் துவைக்க வேண்டும். அம்மா துண்டின் முனையில் டிக் டிக் பட்டன் இரண்டு தைத்தார். ரிமோட்டைத் தார்ப்பாய் மாதிரியான துணியில் சின்ன உறையாக்கி, அதன் பின்னால் மற்ற பாதியைத் தைத்தார். துவைக்கும்போது பிய்த்து எடுக்கலாம், காய்ந்த துண்டில் திரும்ப மாட்டலாம். வீட்டிலிருந்த ஆறு துண்டுகளிலும் டிக் டிக் பட்டன் தைத்துவிட்டார். ரிமோட் ஒன்றுதான், துண்டு எதுவானாலும் சரி. அதேபோல ரிமோட்டின் இன்னொரு முனையில் சாதாரண ஜேக் வைத்தேன். இயர்போன் அறுந்தால் அதை மட்டும் மாற்றலாம். கைப்பேசி மாறினால், ஜேக் இல்லாத கைப்பேசியாக இருந்தால், நடுவில் ஒரு சின்ன மாற்றி போதும்.

எந்தப் பொத்தான் எது என்பதற்கு நெயில் பாலிஷ் சொட்டு ஞாபகத்துக்கு வந்தது. அம்மா தன் தையல் டப்பாவைக் கொட்டித் தேடினார். நடுப் பொத்தானுக்குப் பெரிய கோட் பொத்தான், நடுவில் குழி உள்ளது. கூட்டுவதற்கு மேடான முத்துப் பொத்தான். குறைப்பதற்குத் தட்டையான சட்டைப் பொத்தான். மூன்றையும் சுவிட்சின் தலையில் ஒட்டி, உறையின் துணியோடு சேர்த்துத் தைத்தோம். அப்பா கையில் கொடுத்தபோது ஒன்றும் விளக்கவில்லை. தடவினார். குழியில் கட்டை விரல் போய் உட்கார்ந்தது. "இதான் நிறுத்துறது" என்றார்.

பிழைகள் இல்லாமல் இல்லை. வயர் நீளமாக இருந்தது, துண்டுக்கும் கால்சட்டைப் பைக்கும் நடுவில் தொங்கியது. தாவரவியல் பூங்கா வாசலில் ஒரு குரங்கு அதைப் பிடித்து இழுத்துவிட்டது. தொங்குகிற எதையும் அவை விடாது. அப்பா விழவில்லை, ஆனால் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலையே வயரைச் சட்டைக்குள் ஓடவிட்டு, கழுத்துப் பட்டைக்குக் கீழே ஒரு வளையம் தைத்தோம். காதிலும் இடப்பக்கம் மட்டும்தான் மாட்டுவார். ரோட்டுப் பக்கம் இருக்கும் வலது காது திறந்தே இருக்கும். கைப்பேசி அமைப்பில் மோனோ என்று ஒன்று உண்டு, அதைப் போட்டுவிட்டால் இரண்டு காதுக்கான இசையும் ஒரே காதில் வரும். ஒற்றைக் காதில் கேட்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதை அவசியம் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் சில பழைய பாட்டில் பாதி வாத்தியம் கேட்காது.

தைப்பூசத்தன்றும் அப்பா துண்டோடுதான் வந்தார். அன்றைக்கு அந்த ரோட்டில் யாருக்கும் சொந்தப் பாட்டு தேவைப்படாது. ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் ஒலிபெருக்கி முழங்கும். வெள்ளி ரதம் போகும், 2017 முதல் தங்க ரதமும் போகிறது. மலைக்கோயிலின் 513 படிகளில் இப்போது அவர் ஏறுவதில்லை. கீழே நின்று கும்பிடுவார். காதில் எதுவும் இல்லை, கைப்பேசியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தோம். ஆனாலும் பழைய நண்பர் ஒருவர் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அப்பாவின் கட்டை விரல் துண்டு முனையில் போய் அழுத்தியதை நான் பார்த்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அம்மா ஊருக்குப் போயிருந்தார். நான் ரிமோட்டைக் கழற்ற மறந்து துண்டை அப்படியே இயந்திரத்தில் போட்டுவிட்டேன். எடுத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். நடுப் பொத்தான் நன்றாக இருக்கிறது, கூட்டுவதும் இருக்கிறது. குறைக்கும் பொத்தான் மட்டும் சில நேரம் கேட்கிறது, சில நேரம் கேட்பதில்லை. ஈரம் ஏறி மீட்டரில் 470-க்குப் பதிலாக வேறு ஏதேதோ காட்டுகிறது. சுவிட்சை மாற்ற வேண்டும். உறையைப் பிரிக்க நான் கத்தரியை எடுத்தபோது அப்பா விடவில்லை. "அம்மா வந்து பிரிக்கட்டும், நீ நூலை அறுத்துடுவே" என்கிறார். அதுவரை சத்தம் அதிகமானால் நிறுத்திவிட்டுத்தான் நடக்கிறார்.